காந்தப் பிள்ளையார்

பிள்ளையார் மறுபடியும் விழுந்தார்.

டேஷ்போர்டிலிருந்து நேராக மரகதத்தின் மடியில். கட்டைவிரல் உயரப் பித்தளைப் பிள்ளையார். அடியில் காந்தம்.

"ஏனுங் தம்பி, நிக்கவே மாட்டேங்கறாரு?"

அவள் கேட்டது, காரை அவர்களுக்கு விற்றுவிட்டுக் கதவருகே நின்றிருந்தவனை.

எப்படி நிற்பார்? அந்தப் பக்கம் இரும்பே கிடையாது.

அறுபத்திரண்டாம் வருடத்து ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. துருப்பிடித்த கூடாக வாங்கி, நாலு வருடம் அதிலேயே கிடந்து உயிர் கொடுத்தான். போன தை மாதம் வெள்ளோட்டம் போனவன், பொள்ளாச்சி ரோட்டுப் புளியமரத்தில் கொண்டுபோய்ச் சாத்தினான். தவறு அவனுடையதுதான். இடப்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது.

ஜெர்மனியிலிருந்து தகடு வர எட்டு மாதம் ஆகும் என்றார்கள். பொறுமை இல்லை. கதவு, கதவைத் தாங்கும் தூண், டேஷ்போர்டில் பாதி, எல்லாவற்றையும் ஃபைபர் வைத்து ஒட்டினான். பட்டி பூசித் தேய்த்தான். மேலே மூன்று கோட் சந்தன நிறப் பெயிண்ட்.

ஒட்டுப்போட்டது வெளியே சத்தியமாகத் தெரியாது.

"எங்கயும் அடிபடலையே?" என்று போன வாரம் கேட்டார் மரகதத்தின் கணவர் குழந்தைவேலு.

"முழுக்க அசல் இரும்புங்க" என்றான். நாக்குக் கூசவில்லை.

இப்போது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் காத்திருக்கின்றன.

மரகதம் மூன்றாம் முறை வைத்தாள். விழுந்தார்.

"வண்டி வேண்டாங்கறாரோ என்னமோ" என்று சிரித்தாள்.

அவன் பிள்ளையாரை வாங்கினான். எட்டி, ஸ்டியரிங் பக்கம் வைத்தான். டக்கென்று ஒட்டிக்கொண்டார். இடம் தேடவே இல்லை. கை தானாகப் போனது.

"பாத்தியா மரகதம்? எதை எங்க வெக்கணும்னு வேலை செஞ்ச கைக்குத்தானே தெரியும்!" என்றார் குழந்தைவேலு.

சீ என்றிருந்தது அவனுக்கு.

மரகதம் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தாள்.

"மருதமலை போயிட்டு அப்படியே மக வீட்டுக்குப் போயிரலாங்க. பைபாஸ்ல கொஞ்சம் வெரசாத்தான் ஓட்டுங்களேன், நானும் பாக்கறேன்."

அந்தக் கதவு. ஒரு லாரி லேசாக இடித்தால் போதும்.

என்ஜின் உறுமியது. கியர் விழுந்தது.

"இருங்க."

அவனுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தினான்.

குழந்தைவேலு பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தார். அவன் உள்ளே கைவிட்டுப் பிள்ளையாரைப் பிய்த்து எடுத்தான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்கி வாங்க."

இறங்கி வந்தார்கள். மரகதத்தின் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

அவன் கதவைச் சாத்தினான். நடுவில் பிள்ளையாரை வைத்து அழுத்திப் பிடித்தான்.

"இங்க பாருங்க" என்றான்.

இருவரும் குனிந்தார்கள்.

கையை எடுத்தான்.