அத்திமரத்தில் உபயம்

கிளிகளுக்குப் பொந்து குடைந்து கொடுக்கும் கடை வைத்திருந்தது மரங்கொத்தி. மாதாமாதம் காடு காக்கும் சங்கத்துக்கு ஒரு கூடை கொய்யாப்பழம் கொடுக்கும். கொடுத்த கையோடு, 'உபயம்' என்று போட்டுத் தன் கடைப் பேரை அத்திமரத்தில் கொத்திவிட்டுப் போகும்.

"பாதி இடுப்பு போயிடுச்சு அண்ணே! அடுத்த காத்துக்கு விழுந்துடுவேன்" என்று அழுதது மரம்.

"பேர் தெரியலைன்னா வியாபாரம் எப்படி நடக்கும், தங்கச்சி?" என்றது மரங்கொத்தி.

மரம் சங்கத் தலைவரான அணிலைக் கூப்பிட்டது. "அந்தக் கொய்யா வேண்டாங்க. மாசாமாசம் நானே அத்திப்பழம் தர்றேன். அவர் பேரைக் கொத்துறதை மட்டும் நிறுத்துங்க."

அணிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன மனசும்மா உனக்கு!"

உடனே மரங்கொத்தியைப் பார்த்துக் கத்தியது: "அண்ணே, உங்க பேரு போதும். அலகைத் தீட்டிக்கிட்டு வாங்க, இனிமே இவ பேரைக் கொத்தணும்!"