பக்கத்துத் திரை

"வாரத்துல ஆறு நாளும் மாப்பிள்ளை என் கடையில இருக்கட்டும், சம்பந்தி" என்றார் துணிக்கடைக்காரர், டிரெட்மில்லில் நடந்துகொண்டே.

பக்கத்து டிரெட்மில்லில் இரும்புக்கடைக்காரர் நடந்தார். முகம் அவர் விற்கும் பூட்டு மாதிரியே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை அனுப்பறேன்."

ஞாயிற்றுக்கிழமை துணிக்கடைக்கு விடுமுறை. அது ஊருக்கே தெரியும்.

சம்பந்திகள் இருவருக்கும் போன வருஷம்தான் நெஞ்சு வலி வந்தது. ஒரே டாக்டர், ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே நடை. மார்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினால், அவரவர் முன்னால் இருக்கும் திரையில் இதயத் துடிப்பு எண்ணாக எரியும். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனிப் பட்டை. நடக்கும்போது கைப்பிடியை மட்டும் விடக் கூடாது. நர்ஸின் கண்டிப்பான உத்தரவு.

துணிக்கடைக்காரருக்கு ஒரே மகள். இனி நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்த்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கெட்டிக்கார மாப்பிள்ளையோ தன் அப்பாவின் ஆணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். மூன்று நாள் வந்தாலே கடை பிழைத்துக்கொள்ளும். ஆனால் மூன்று வேண்டுமென்றால் ஆறில் ஆரம்பிக்க வேண்டும். இதுகூடத் தெரியாதவன் கல்லாவில் உட்காரக் கூடாது.

சம்பந்தியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் பேச்சை இங்கே வைத்துக்கொண்டார். முகத்தைப் பூட்டலாம், நெஞ்சை எப்படிப் பூட்டுவது?

சம்பந்திக்கு இந்தச் சூது தெரியாது, பாவம். காலையில் அவரே வலிய வந்து பட்டையை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

தன் திரையை இவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. சொந்தக் கடைச் சரக்கை எவன் உற்றுப் பார்ப்பான்?

"ரெண்டு நாள்" என்றார் சம்பந்தி.

பக்கத்துத் திரையில் தொண்ணூற்றெட்டு. அசையவில்லை. மனுஷனிடம் இன்னும் இருக்கிறது. இவர் வாயைத் திறக்காமல் நடந்தார்.

"சரி, தொலையட்டும். மூணு."

எண் துள்ளியது. நூற்று இருபத்திரண்டு.

உயிரே போகிறது போலிருக்கிறது. இதற்கு மேல் இழுத்தால் துணி கிழிந்துவிடும்.

"மூணுன்னா மூணு. உங்க பேச்சை நான் என்னிக்குத் தட்டியிருக்கேன்? கையைக் கொடுங்க."

"இறங்கிட்டுக் கொடுக்கறேன். நர்ஸம்மா திட்டும்."

இவருடைய நேரம் முடிந்து இயந்திரம் நின்றது. நாற்காலியில் சாய்ந்து, ஜெயித்தவரின் சாவகாசத்தோடு சம்பந்தியின் திரையைப் பார்த்தார்.

நூற்றுப் பதினைந்து. நூற்று ஆறு. தொண்ணூற்றொன்று.

நல்லபடியாக இறங்குகிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. சம்பந்தி அதே வேகத்தில் இன்னும் நடந்துகொண்டிருந்தார். உட்கார்ந்திருப்பவர் இவர்.

மார்பிலிருந்த பட்டையைத் தடவிப் பார்த்தார். காலையில் அவரே வலிய வந்து கொடுத்த பட்டை.

அப்படியானால் மூன்று என்றதும் துள்ளியது யார் நெஞ்சு? அதைப் பார்த்துக்கொண்டேதானே மனுஷர் மூன்றோடு நிறுத்தினார்!

கோபம் வரவில்லை. தொழில் தெரிந்தவன்தான், பெண்ணை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது.

"இன்னும் கொஞ்ச நேரம் நடக்கறேம்மா."

நர்ஸ் திகைத்துப் போனாள். தினமும் அஞ்சு நிமிஷம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறவர் இவர்.

மறுபடி ஏறினார். தன் முன்னால் இருந்த திரையை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார். நூற்று நான்கு.

"சம்பந்தி, நாம இன்னும் கை கொடுக்கலையே. நாலு நாள்."

அதே பூட்டு முகம். அதே நூற்று நான்கு. நாலு அவருக்கு வலிக்கவே இல்லை.

"அப்போ அஞ்சு" என்றார் இவர்.

எண் எகிறியது.

இவர் எங்கே பார்க்கிறார் என்று சம்பந்தி திரும்பிப் பார்த்தார். கை அவசரமாகப் பட்டையை அவிழ்க்கப் போனது.

"ஐயா, கைப்பிடி!" என்று கத்தினாள் நர்ஸ்.