செம்பருத்திக்குத் தண்ணீர்

வசந்தம் என்பது வேலைவெட்டி இல்லாதவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி.

அதை நம்பி ஏமாறுபவை செடிகள். செடிகளை நம்பி ஏமாறுபவை பறவைகள். பறவைகளை நம்பி ஏமாந்தவள் அவன் மனைவி.

பின்வாசல் படியில், கையில் தண்ணீர் மக்கோடு நின்றபடி, அவன் இந்த முடிவில் உறுதியாக இருந்தான்.

பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே சுவரேறிவிட்டது. பக்கத்துக் காலிமனையில் வேம்பு பூவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு குயில், யாரும் கேட்காமலேயே கூவிக்கொண்டிருந்தது.

அவன் ஒரு படி இறங்கினான்.

செம்பருத்திக்குள்ளிருந்து சின்னான் குருவி விருட்டென்று கிளம்பித் துணிக்கொடியில் போய் உட்கார்ந்தது. கொண்டையைத் தூக்கிக்கொண்டு அவனைத் திட்டியது.

சுவர்மேல் இருந்த காகம் ஓரடி நகர்ந்து வந்தது.

அவன் படியேறினான். சின்னான் கூட்டுக்குத் திரும்பியது.

காகம் மட்டும் பின்வாங்கவில்லை.

அவள் போய் ஐந்து நாள். அண்ணன் வீடு, சாத்தூர். இதுவரை அனுப்பியது ஒரே ஒரு மெசேஜ்.

செம்பருத்திக்குத் தண்ணி ஊத்துங்க.

அன்றைக்கே ஊற்றினான். பறந்துபோன சின்னான் ஒரு மணி நேரம் வரவில்லை. விளக்குமாறோடு காவல் நின்றான். அவன் நின்றால் சின்னான் வராது. அவன் போனால் காகம் வரும். சரி, ஒரு நிமிடம் உள்ளே போய்ப் பார்ப்போம் என்று போனான்.

மூன்று முட்டை இருந்தது. இரண்டானது.

இதைச் சொல்ல போன் போட்டபோது மச்சினன்தான் எடுத்தான். தங்கச்சி தூங்குகிறாள் என்றான். காலை பதினொரு மணி.

அதன்பிறகு அவன் செடிப் பக்கம் போகவில்லை. அது பழைய பெயின்ட் வாளியில் வளர்கிற செடி. மூன்று நாள் தண்ணீர் காணாமல் இலையெல்லாம் தொங்கிவிட்டது. இலை தொங்கத் தொங்கக் கூடு வெளியே தெரிந்தது.

அவனுக்கே தெரிந்தது. காகத்துக்குத் தெரியாதா.

போன ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவள் காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, உள்ளே குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி, கூட்டில் முட்டை வந்திருக்கிற விஷயத்தைச் சொன்னாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து வெகுநாளாயிற்று. கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதில் ஆறு வருடம் மாதம் தவறாமல் மதுரை ஆஸ்பத்திரி.

நகைச்சுவைக்கு அவன் ஆபீஸில் பெயர் போனவன்.

“பரவால்லயே. இந்த வீட்டுலயும் ஒருத்தி முட்ட போட்டுட்டா.”

மூன்று பேர் சிரித்தார்கள். நாலாமவர் டம்ளருக்குள் பார்த்தார்.

அவளும் சிரித்தாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை முதல் பஸ்.

அவள் செடிக்குக் கிட்டே போனால் மட்டும் அந்தச் சின்னான் பறப்பதில்லை. அதற்கு அவள் சொன்ன காரணத்தை வைத்துத்தான் அவன் ஆபீஸில் ஒரு வாரம் ஓட்டினான். கூடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து கொல்லைக்கு அவள் ஒரே நைட்டிதான். காப்பிப்பொடி நிறம், மஞ்சள் மஞ்சளாகப் பூ, அதில் பாதி சாயம் போனவை. வேறு துணி கட்டினால் அது மிரளுகிறதாம். குருவிக்காக யூனிபார்ம் மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறவள் தமிழ்நாட்டிலேயே தன் பெண்டாட்டி ஒருத்திதான் என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவைத்திருந்தான்.

புது நைட்டிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அது மட்டும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

காகம் சுவரிலிருந்து இறங்கி வாளியின் விளிம்பில் உட்கார்ந்தது.

அவன் கையைத் தட்டி விரட்டினான். காகம் போனது. சின்னானும் போனது.

மக்கைப் படியில் வைத்தான். சின்னான் திரும்பும்வரை கதவிடுக்கில் நின்று பார்த்தான். பிறகு உள்ளே போனான்.

நைட்டி தோளில் இறுகியது. அக்குளில் தையல் விடும் சத்தம் கேட்டது. வெயிலுக்கு அவள் போடுவதுபோலத் துண்டைத் தலைக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டான்.

கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

ஒரு படி.

இன்னொரு படி.

சின்னான் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

உட்கார்ந்தே இருந்தது.

வாளி ஓரமாக, சத்தம் எழாமல், தண்ணீரைச் சரித்தான். மண் உஸ்ஸென்று இழுத்துக்கொண்டது. கூட்டுக்கும் அவன் முகத்துக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். இத்தனை கிட்டத்தில் அவனை யாரும் இப்படிப் பயமில்லாமல் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான்.

அது பார்ப்பது அவனை இல்லை என்பதும் உடனே உறைத்தது.

முதுகுக்குப் பின்னால், மாடியில், வடகம் காயப்போட வந்த பக்கத்து வீட்டு ஜெயராணி. திங்கட்கிழமை அவன் மனைவியைச் சாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டவள்.

“புஷ்பக்கா. வந்துட்டீங்களா?”

அவன் திரும்பவில்லை. திரும்பினால் சின்னான் பறந்துவிடும்.

மேலே வடகத் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் இறங்கி வந்தது.

“நானா இருந்தா வந்திருக்கவே மாட்டேங்க்கா.”

மக்கில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.

முக்காட்டுக்குள், சின்னான் மிரளாதபடி, அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான்.