மூன்று முறை விலைபோன கோட்டு

பழைய துணிக் கடை ஒன்றில் இரண்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பச்சைக் கோட்டு. யார் உள்ளே வந்தாலும் கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொள்ளும்.

ஒருநாள் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் கேமராவோடு வந்தார்கள். பழைய துணி வாங்குவதைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார்களாம். நால்வரும் ஒரே மாதிரி வெள்ளை டீ-ஷர்ட் போட்டிருந்தார்கள். நெஞ்சில் ‘புதுசு வேண்டாம், பழசே போதும்’ என்று அச்சடித்திருந்தது.

அவர்களில் ஒருத்தி கோட்டைப் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: “இதை நான் வாங்கிட்டேன்!”

கோட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வாசலை நெருங்கும்போது, “இன்னொரு டேக்” என்று குரல் வந்தது. அவள் திரும்பி வந்து அதைக் கொக்கியில் மாட்டினாள். மறுபடி எடுத்தாள், மறுபடி வாங்கினாள். மூன்றாம் தடவை கோட்டு வாசலைத் தாண்டி வெயிலையே பார்த்துவிட்டது. “சூப்பர், ஓகே” என்றார்கள். கோட்டு பழைய கொக்கிக்கே வந்து சேர்ந்தது.

அடுத்த மாதம் கடைக்கு வந்த மூட்டையில் அந்த நான்கு டீ-ஷர்ட்டுகளும் இருந்தன. ஒன்று கோட்டுக்குப் பக்கத்தில் வந்து தொங்கியது.

“என்ன தம்பி, அதுக்குள்ளேயா?” என்றது கோட்டு.

“அன்னைக்கு ஒருநாள் போட்டதோட சரிண்ணே. படத்துல நீங்க வித்துப்போற இடத்துல எல்லாரும் கைதட்டினாங்களாம்.”

“தட்டாம இருப்பாங்களா? மூணு தடவை வித்துப்போயிருக்கேன்.”

கடைக்காரர் டீ-ஷர்ட்டைத் தொட்டுப் பார்த்தார். மொடமொடப்பு இன்னும் போகவில்லை. நான்கையும் எடுத்துக்கொண்டுபோய், வாசலில் ‘புது வரவு’ என்ற பலகைக்குக் கீழே வரிசையாக மாட்டினார்.