வாய் திறப்பு

பழைய எகிப்தில் பிணத்தின் உதட்டை உளியால் தொட்டு, இனி மூச்சு விடு, பேசு என்பார்களாம். அந்தச் சடங்கைக் கணினியில் இசையாக்கிக்கொண்டிருந்தான் செல்வின். உளி படும் இடத்தில் தாளமெல்லாம் நின்று ஒரு மூச்சு மட்டும் கேட்க வேண்டும். அதற்காக, இறந்துபோன மனைவி ரெபெக்கா பாடிய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். எல்லாமே சுத்தமாக இருந்தன. வரிக்கு வரி அவள் இழுத்த மூச்சை அவனேதான் வெட்டி எடுத்திருந்தான். கடைசிப் பதிவின் தொடக்கத்தில் அவர்கள் இருவரின் பேச்சும் மிச்சமிருந்தது.

"இன்னிக்கு ரொம்ப மூச்சு வாங்குதுங்க. அப்புறமா எடுத்துருவீங்கல்ல?"

"எடுத்துர்றேன், நீ பாடு."

அவள் உதடுகள் பிரியும் சிறு ஓசை கேட்டது. அடுத்த நொடியே பாட்டு தொடங்கிவிட்டது. செல்வின் தன் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் அதைக் கேட்டான்.