முப்பத்தெட்டாவது மணி

பித்தளை மணியின் வயிற்றில் அவளுடைய மஞ்சள் சேலையின் நிழல் விழுந்திருந்தது.

அவர் போனிலிருந்து கண்ணை எடுத்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோயேன். மஞ்சளா விழுது."

தள்ளி நின்றாள். சேலை போய் வளையல் வந்தது.

சாப்பாட்டு மேஜை மேல் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதன் மூன்று பக்கத்தையும் வெட்டி எடுத்து டிரேசிங் பேப்பர் ஒட்டியிருந்தார். இரு பக்கமும் மேஜை விளக்குகள். பேப்பரைத் தாண்டி வரும் வெளிச்சம், நடுவில் நின்ற விரல் உயரப் பித்தளை மணி மேல் மெத்தென்று விழுந்தது.

ஜன்னலைச் சாத்தியாயிற்று. பேன் ஓடினால் பேப்பர் படபடக்கும். அதையும் நிறுத்தியாயிற்று. தூத்துக்குடி வெயில் சுவர் வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது.

மொத்தம் முப்பத்தெட்டு மணிகள். எல்லாம் அவருடைய முதல் மனைவி செலின் சேர்த்தவை. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மணி வாங்காமல் திரும்பமாட்டாளாம்.

செலின் இறந்து ஆறு வருடம். இவள் அவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம்.

அம்மாவின் மணிகளை ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்புங்கள், பூவேலையெல்லாம் தெரிய வேண்டும் என்று புனேயிலிருந்து மகள் ஜெனிட்டா கேட்டிருந்தாள். கேட்டது அப்பாவிடம். இவளிடம் அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை.

படம் பளிச்சென்று வரட்டுமே என்றுதான் இவள் நேற்று அந்தக் காரியத்தைச் செய்தாள். அவர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனதும் முப்பத்தெட்டையும் இறக்கினாள். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். நாக்குகளில் கட்டியிருந்த சீட்டுகளை மட்டும் நனையவிடவில்லை. ஊர்ப் பெயரும் தேதியும் செலினின் கையெழுத்தில் இருந்தன.

அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை.

"மங்கலா இருந்தா படம் எடுக்க லேசு. இப்ப ஒவ்வொண்ணும் கண்ணாடியால்லா இருக்கு."

அவள் முகம் சுண்டியதைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுக்கென்ன. நாம ஒளிஞ்சுக்கிட்டாப் போச்சு."

அதனால்தான் இந்தக் கண்ணாமூச்சி. போனின் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்பு அட்டைக்குப் பின்னால் அவர். மணியின் இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்ப, வெள்ளைச் சார்ட் அட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி அவள்.

வளையலைக் கழற்றி வைத்தாள். அவருடைய கறுப்புப் போர்வையை எடுத்துச் சேலைக்கு மேல் சுற்றிக்கொண்டாள். முதுகில் வேர்வை கோடு போட்டு இறங்கியது.

இறங்கட்டும். செலினின் மணி ஒன்றில்கூடத் தன் நிழல் தெரியக் கூடாது. அந்தப் பெண் பார்க்கப் போகிற படம்.

ஒன்றை எடுப்பார். அனுப்புவார். உடனே ஜெனிட்டாவிடமிருந்து போனில் ஒரு கட்டைவிரல் குறி வரும்.

முப்பத்தேழு கட்டைவிரல்கள்.

கடைசி மணி உருண்டை. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். ஆனால் வீடு முழுவதும் அதற்குள் இருந்தது.

அவள் இடது பக்கம் நின்றாள். தெரிந்தாள். குனிந்தாள். தெரிந்தாள். சார்ட்டோடு வாசல் வரை போனாள். பாதி மணி இருண்டுவிட்டது.

"கிட்ட வா. நீ போனா வெளிச்சமும் போயிருது."

"நான் தெரிவேன்லா?"

"உருண்டை இது. எங்க நின்னாலும் வந்துருவ."

சொல்லிக்கொண்டே எடுத்தார். எடுத்த கையோடு அனுப்பியும்விட்டார்.

"அனுப்பிட்டீங்களா!"

எட்டிப் பார்த்தாள். மணியின் பளபளப்பில், எள்ளளவு உருவம் ஒன்று கறுப்புப் போர்வையோடு கைகளைத் தூக்கி நின்றது. அம்மாவின் மணிக்குள்ளும் வந்து நின்றுவிட்டாள் என்றுதானே அந்தப் பெண் நினைப்பாள்?

"அழிச்சிருங்க. தயவுசெஞ்சு."

"பாத்துட்டா."

கட்டைவிரல் வரவில்லை.

அவர் விளக்கை அணைக்கவில்லை. அவள் சார்ட்டை இறக்கவில்லை.

இரண்டு நிமிடம் போனது. மூன்று.

குரல் செய்தி ஒன்று வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"யப்பா, அந்தக் குட்டி மணில ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்காங்களே... காலைல இருந்து அப்படியேவா நிக்காங்க? ஒரு நாற்காலி போட மாட்டீங்களா? அதுல போர்வை வேற! முதல்ல பேனைப் போடுங்கப்பா."

அவர் எழுந்து பேனைப் போட்டார். டிரேசிங் பேப்பர் படபடத்து, ஒரு பக்கம் பிய்ந்து பறந்தது. இருவருமே அதைப் பிடிக்கவில்லை.

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். தோள் இரண்டும் கனத்தன.

"என்ன சொல்லட்டும் அவகிட்ட?" என்றார்.

யோசித்தாள்.

"சாப்பிட்டாளான்னு கேளுங்க."

அவர் கேட்கவில்லை. குரல் பதியும் பொத்தானை அழுத்தி, போனை அவள் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தார்.