கட்டிங் மாஸ்டர் எடுத்த ஓய்வு

காலை எட்டரை மணிக்குக் கைப்பேசி ஒலித்தபோது, தையற்கடை முதலாளியம்மா இரண்டாவது கோப்பைத் தேநீருடன் கட்டிலிலேயே சாய்ந்திருந்தார். விடுமுறைக் கால நெரிசல் ஒருவழியாக ஓய்ந்து, ஒரு பள்ளியின் சீருடைகள் மட்டுமே பாக்கியிருந்தன. நாற்பது நாள் கடையில் நின்ற கால்களுக்கு இன்று முழு ஓய்வு. கடையைக் கட்டிங் மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

அழைத்தவர் அந்த மாஸ்டரேதான்.

"அம்மா, இன்னிக்கு நான் வரலை. உடம்பெல்லாம் ஒரே அசதி. ஒரு நாள் ரெஸ்ட் எடுத்துக்கறேன்."

"விளையாடுறீங்களா மாஸ்டர்? திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. எண்பது யூனிஃபார்ம் கொடுக்கணும்!"

"நாளைக்கு வந்துடறேன்மா."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

துணியை வெட்டித் தர மாஸ்டர் இல்லையெனில் தையல் இயந்திரங்கள் ஐந்தும் சும்மாதான் கிடக்கும். வேறு வழியின்றி, கடை வாசலில் காத்திருந்த தையற்காரர்கள் ஐவரையும் தொலைபேசியிலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்.

"பதினெட்டு வருஷமா சோறு போட்ட கடைடி. என் ஓய்வுல மண்ணைப் போட்டுட்டாரே மனுஷன்!" என்று தங்கையைக் கைப்பேசியில் அழைத்துப் பொருமினார்.

"நீ இடம் கொடுத்த, அவர் தலைமேல ஏறி உக்காந்துட்டார். என் தெருவுல ஒரு மாஸ்டர் இருக்கார்க்கா. கூப்பிட்டா ஓடி வருவார்."

கூப்பிட்டார். அவரும் மறுநாளே சேர்வதாக ஒப்புக்கொண்டார். பழையவரிடம் நேரில் முகத்துக்கு நேராகச் சொன்னால்தான் மனம் ஆறும் என்று, பிற்பகலில் முதலாளியம்மா கிளம்பினார்.

மாஸ்டர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்து நாற்காலிகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. பழுப்புக் காகிதம் மூடிய துணி அடுக்கின் முன் முழங்காலிட்டு, மாஸ்டர் கத்தரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஓஹோ! இதுதான் உங்க ரெஸ்ட்டா? என் கடைன்னா அசதி, ஊரார் துணின்னா கை தானா ஓடுதோ?"

மாஸ்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அம்மா, அது வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க. நாளைக்கு வேற மாஸ்டர் வர்றார். நீங்க ஆயுசு முழுக்க ரெஸ்ட் எடுங்க."

மாஸ்டர் கத்தரியை மடியிலிட்டுத் துடைக்கத் தொடங்கினார். சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவிதான் குனிந்து காகிதத்தை விலக்கினார்.

"நல்லாப் பாருங்கம்மா. இது யார் துணி?"

நீலத்தில் வெள்ளைக் கட்டம். அதே பள்ளியின் சீருடைத் துணி. மூலையில், கழுத்து, கை, முதுகு என்று அளவுச் சீட்டுக் குத்திய கட்டுகள், அறுபதுக்குக் குறையாது.

"நேத்தே சைக்கிள்ல வச்சுத் தள்ளிட்டு வந்துட்டார். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கற அக்கா தூக்கக் கலக்கத்துல தன் விரலையும் சேர்த்துத் தைக்கப் போயிட்டாங்களாம். 'நான் வரலைன்னாத்தான் அஞ்சு பேரும் வீட்டுல போய்ப் படுப்பாங்க'ன்னார். விடிஞ்சதுலேர்ந்து குனிஞ்ச தலை நிமிரலை."

முதலாளியம்மா நின்ற இடத்திலேயே புது மாஸ்டரை வர வேண்டாமென்று சொல்ல அழைத்தார்.

"கவலையே படாதீங்கம்மா! பழைய கடையில சொல்லிட்டு வெளியே வந்துட்டேன். என் இடத்துக்கு அங்க ஆளும் வந்தாச்சு. இனிமே எனக்கு உங்க கடைதான்" என்றது உற்சாகமான குரல்.

கைப்பேசி தானாகவே தாழ்ந்தது. மாஸ்டரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன் மாஸ்டர். இருந்தாலும், அவங்களுக்கு முடியலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

வெட்டிய கட்டுகளை முதலாளியம்மா எடுத்துச் செல்ல வசதியாக ஒன்றுசேர்த்துக் கட்டியபடியே மாஸ்டர் சொன்னார்:

"அஞ்சு பேரும் நேத்து உங்ககிட்ட தனித்தனியா வந்து லீவு கேட்டாங்கம்மா. யூனிஃபார்ம் முடியற வரைக்கும் யாருக்கும் அசதியே வரக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லி அனுப்பினீங்க."